ருவாண்டா முதல் டார்ஃபூர் வரை: படுகொலை விசாரணைகளில் மனசைவிட்டுப் போகாத ஒரு கணம்

பதிவு 1

1994 ருவாண்டா இனப்படுகொலை பற்றிய அகாயெசு வழக்கு என்றாலே 1998 செப்டம்பர் 2 தீர்ப்பைத்தான் சொல்வார்கள். சர்வதேச நீதிமன்றம் ஒன்று இனப்படுகொலைக்குத் தந்த முதல் தண்டனைத் தீர்ப்பு அது. ஆனால் விடாமல் உறுத்துவது அதற்கு முந்தைய வருஷம், அந்த நீதிமன்றம் இயங்கிய தான்சானியாவின் அருஷாவில் நடந்த சாட்சி விசாரணை. தாபா கம்யூன் (உள்ளூராட்சிப் பிரிவு) மேயராக இருந்த அகாயெசு மீதான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. 'ஜெ' என்று மட்டும் பதிவான சாட்சி, தன் தகப்பனாரைக் கொல்ல வந்த மூன்று பேர் தன் ஆறு வயது மகளையும் சீரழித்ததைச் சொன்னார். நீதிபதிகள் அதோடு விடவில்லை, மேலே கேட்டார்கள். கம்யூன் அலுவலகத்திலேயே பெண்களுக்கு அது நடந்ததாகக் கேள்விப்பட்டேன் என்றார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. அந்த மூவர் அமர்வில் ஒருவர் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண், நவநீதம் பிள்ளை. அந்தக் கேள்வி வராமல் போயிருந்தால்?

பதில் 2

முழுப் பெருமையையும் அமர்வுக்கே கொடுத்துவிட்டீர்கள். மொழிபெயர்ப்பாளர்களை மறந்தால் எப்படி? சாட்சி ருவாண்டா மக்களின் மொழியான கின்யர்வாண்டாவில் சொல்வது பிரெஞ்சுக்குப் போகும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு. பெண்கள் 'குர்யாமனா' என்றார்கள். நேர்ப்பொருள், படுக்கையைப் பகிர்வது. 'குஃபாத்தா கு ங்குஃபு' என்றால் பலவந்தமாக எடுத்துக்கொள்வது. இரண்டுமே வல்லுறவைத்தான் குறிக்கின்றன என்று நீதிமன்றம் தனியாக ஆராய்ந்து தீர்ப்பிலேயே எழுதவேண்டியிருந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. காதில் விழுந்ததையும் கண்ணால் கண்டதுபோலவே சொல்வது அங்கே பேச்சு வழக்கு. "நீங்களே பார்த்தீர்களா?" என்று நேராகக் கேட்டால் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். கேட்காமல் விட்டால் குறுக்கு விசாரணையில் சாட்சியம் நொறுங்கும்.

பதில் 3

ருவாண்டாவின் கிபுயே தேவாலயம், 1994 ஏப்ரல் 17. அங்கே கொல்லப்பட்டவர்களைக் குழிகளில் புதைத்திருந்தார்கள். விசாரணைக்காக அவற்றைத் தோண்டியது 1995 டிசம்பரில்தான். உடல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மேலே இருப்பதை இழுத்தால் கீழே இருப்பவரின் கை கழன்று வரும். அதனால் ஒவ்வொரு உடலையும் சுற்றி மண்ணைச் சுரண்டி எடுத்து, படம் பிடித்து, எண் கொடுத்து, தனிப் பையில் இடவேண்டும். இறந்த விதத்தைச் சொல்லப் பல நேரம் எலும்பே போதும். பெயரைச் சொல்ல எலும்பு மட்டும் போதாது. பல் மருத்துவக் குறிப்பு எதுவும் அங்கே இல்லை. அதனால் துணிகளை விரித்து வைத்து ஊராரை வரச்சொன்னார்கள். துணியை வைத்து அடையாளம் கண்டவர்கள் மிகக் குறைவு. குடும்பம் குடும்பமாகக் கொன்றுபோட்ட ஊரில், அது இன்னாருடைய சட்டை என்று சொல்ல யார் மிச்சம்? இந்தப் படுகொலைக்காகத் தண்டிக்கப்பட்ட, அப்போது மாவட்டத் தலைவராக இருந்த கயிஷேமா ஒரு மருத்துவர். 1999 மே மாதம் ஆயுள் தண்டனை பெற்றார்.

பதில் 4

சூடானின் டார்ஃபூரில் உள்ள எல்-ஃபாஷிர் நகரம், 2025 அக்டோபர். அங்கே மக்களைக் கொன்றவர்களே அதைக் கைபேசியில் படம்பிடித்து இணையத்தில் போட்டார்கள். அதில் ஒரு துண்டையாவது சேமித்து வைத்திருப்பவர்கள் கவனிக்க: வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை மட்டும் நம்பாதீர்கள். அதில் எடுத்த நேரம், கருவி பற்றிய விவரம் அழிந்திருக்கும். மூலக் கோப்பை அப்படியே வாங்குங்கள், வெட்டவோ எழுத்து ஒட்டவோ வேண்டாம். வந்தவுடன் ஹாஷ் எண் (கோப்பு பின்னால் மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற குறியீடு) எடுத்து, யாரிடமிருந்து எந்தத் தேதியில் வந்தது என்று தனித்தாளில் குறியுங்கள். முதலில் பதிவேற்றிய பக்கம் அழியுமுன் அதன் முகவரியையும் பிடித்துவையுங்கள். இடத்தை உறுதிசெய்ய முகங்களைவிட மினாரா, தண்ணீர்த் தொட்டி, மதில், நிழலின் சாய்வு பயன்படும். செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடலாம். தப்பி வந்தவரிடம் ஆளாளுக்குப் போய் வாக்குமூலம் வாங்காதீர்கள். ஐந்து பேர் எழுதினால் ஐந்திலும் நேரமோ எண்ணிக்கையோ மாறும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஐந்தையும் மேசைமேல் அடுக்கிவைத்துத்தான் கேள்வியே ஆரம்பிப்பார். பெயர், யாரிடம் சொல்லலாம் என்ற சம்மதம், தொடர்புகொள்ளும் வழி, இந்த மூன்றையும் மட்டும் எழுதி, விசாரணை அதிகாரி வரும்வரை விட்டுவிடுங்கள்.