ஃபாக்லாந்து கப்பல் மாடல்: ஒரு சரக்குக் கப்பலில் மாட்டிக்கொண்டேன்

நண்பர்களே, 1982-இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போருக்குப் பிரிட்டன் அனுப்பிய கப்பல்களை 1:700 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். மொத்தம் நூற்றுக்கும் மேல். நான் எடுத்தது ஆறுதான். போர்க்கப்பல்களுக்குக் கிட் கிடைத்துவிடுகிறது. அரசு அவசரமாக வாடகைக்கு எடுத்த வணிகக் கப்பல்கள்தான் தலைவலி. உல்லாசக் கப்பலான கான்பெரா துருப்புகளைச் சுமந்தது, மீன்பிடிக் கப்பல்கள் கண்ணிவெடி வாரின!

இப்போது நிற்பது அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலில். மேல்தளத்தின் இரு ஓரமும் கன்டெய்னர்களைச் சுவர்போல் அடுக்கி, நடுவில் ஹாரியர் விமானங்களை உப்புக்காற்று படாமல் உறைபோட்டு நிறுத்தியிருந்தார்கள். மே 25 அன்று எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியதில் மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் கப்பலோடு போயின. பறந்துகொண்டிருந்த ஒன்று தப்பியது. ஹாரியர்கள் முன்பே இறங்கிவிட்டன, நல்லவேளை.

ஒரு அடி நீள மாடலில் அந்தக் கன்டெய்னர் சுவரை எதில் செய்வது? அட்டையில் வெட்டிப் பார்த்தேன், பெயின்ட் பட்டதும் மூலை உப்பிவிட்டது. பிளாஸ்டிக் பட்டை சரிவருமா? உறைபோட்ட ஹாரியருக்கு டிஷ்யூவில் பசை தடவலாமா?

அப்புறம் இன்னொன்று. படையின் தலைமைக் கப்பலான விமானந்தாங்கி ஹெர்மிஸ்தான் 1987-இல் நம் ஐ.என்.எஸ். விராட் ஆனது. அதில் வேலை பார்த்தவர்கள், சுற்றிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், விமானம் எழும்பும் முன்பக்க ஏறுதளத்தைப் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று போடுங்கள். என்னுடையது சறுக்குமரம் மாதிரி நிற்கிறது.