உதவி தேவை: 140 மாட்யூல்களின் தொடர்பை வரைந்தால் நூல்கண்டு மாதிரி வருகிறது

கேட்டவர்:
வணக்கம் நண்பர்களே. எங்கள் மென்பொருளில் 140 மாட்யூல்கள், அதாவது தனித்தனி நிரல் பகுதிகள். எது எதைச் சார்ந்து ஓடுகிறது என்ற பட்டியல் எக்ஸெல்லில் இருக்கிறது, ஏறக்குறைய 900 வரிகள். குழுவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதை ஒரே படமாகக் காட்ட ஆசை. மாட்யூலுக்கு ஒரு வட்டம், தொடர்புக்கு ஒரு அம்புக்குறி என்று வரைந்தேன். வந்தது சிக்கு விழுந்த நூல்கண்டு. நடுவில் கருப்பாக ஒரு திட்டு, எந்தக் கோடு எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு நாளாக வண்ணத்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். வேறு கருவிக்குப் போக வேண்டுமா?

பதில் 1:
கருவியில் குறை இல்லை. நிலப்படம் வரைந்தால் ஊருக்கும் ஆற்றுக்கும் இடம் ஏற்கெனவே இருக்கும். மாட்யூலுக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. உருவமில்லாத தகவல் எதற்குமே இதே கதைதான்: எதை எங்கே வைப்பது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் அதைக் கருவியிடம் விட்டுவிட்டீர்கள்.

ஒன்று எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் கண் மிகத் துல்லியமாகப் படிக்கும். கோணம், பரப்பு, வண்ண அடர்த்தி எல்லாம் அதற்குப் பின்னால்தான். கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1984-ல் ஆட்களை வைத்துச் சோதித்துச் சொன்னது இது. அதனால்தான் வண்ணம் மாற்றியும் பலன் இல்லை.

லண்டன் சுரங்க ரயில் படத்தைப் பாருங்கள். 1931-ல் ஹாரி பெக் அதை வரைந்தபோது உண்மையான தூரத்தையும் வளைவையும் விட்டுவிட்டார். எங்கே வண்டி மாறுவது என்பதுதானே பயணிக்கு வேண்டும்? சரி, உங்கள் படத்தைப் பார்க்க வருபவர் என்ன கேள்வியோடு வருவார்?

கேட்டவர்:
"இதில் கை வைத்தால் எதெல்லாம் உடையும்?" அவ்வளவுதான். அப்புறம், படம் எதற்கு, சராசரித் தொடர்பு எத்தனை என்று ஒரு எண் போதாதா என்று மேலாளர் கேட்கிறார்.

பதில் 2:
அந்தக் கேள்விக்கு அம்புக்குறி வேண்டாம், கட்டம் போடுங்கள். 140 வரிசை, 140 நெடுவரிசை, இரண்டிலும் அதே மாட்யூல்கள் அதே வரிசையில். வரிசையில் உள்ளது நெடுவரிசையில் உள்ளதைச் சார்ந்திருந்தால் இரண்டும் சந்திக்கும் சின்னக் கட்டத்தைக் கருப்பாக்குங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் பேச்சே இல்லை. ஒரு மாட்யூலைத் தொடும் முன் அதன் நெடுவரிசையில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினால் போதும், நேரடியாக அடிபடுபவை எல்லாம் வந்துவிடும்.

உயிர்நாடி அடுக்கும் முறையில் இருக்கிறது. அகரவரிசையில் அடுக்கினால் அந்தக் கருப்புப் புள்ளிகள் எள்ளை இறைத்தது போலக் கிடக்கும். ஒன்றையொன்று அதிகம் பயன்படுத்துபவற்றைப் பக்கத்தில் கொண்டுவந்தால் மூலைவிட்டத்தை ஒட்டிச் சின்னச் சின்னச் சதுரங்கள் எழும். அவைதான் உங்கள் உண்மையான குழுக்கள். சதுரத்துக்கு வெளியே தனியாக நிற்கும் புள்ளி ஒவ்வொன்றையும் ஏன் என்று விசாரியுங்கள்.

ஒரு குறை உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று தொடர்ந்து போக இது உதவாது. அதற்கு, தேர்ந்தெடுத்த மாட்யூலையும் அதோடு தொடர்புள்ளவற்றையும் மட்டும் அம்புக்குறிப் படமாகக் காட்டுங்கள். பத்துப் பதினைந்து வட்டங்களுக்கு அது நன்றாகவே இருக்கும்.

பதில் 3:
மேலாளருக்கு 1973-ல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம்ப் காட்டிய நான்கு தரவுத் தொகுப்புகளைக் காட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரியும் சிதறலும் ஏறக்குறைய ஒன்றே, ஒட்டுறவும் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது) சுமார் 0.82. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிச் சிதறியது, ஒன்று வளைகோடு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகி நிற்கிறது, கடைசியில் ஒன்றைத் தவிர எல்லாமே செங்குத்தாக அடுக்கியிருக்கின்றன. சராசரியை மட்டும் கொடுத்தால் இந்த நான்கும் ஒன்றாகிவிடும்.

கேட்டவர்:
கட்டம் போட்டுவிட்டேன். அகரவரிசையில் ஒன்றும் தெரியவில்லை, மாற்றி அடுக்கியதும் ஆறு சதுரங்கள் பளிச்சென்று வந்தன. தேதி கணக்கிடும் ஒரு குட்டி மாட்யூலின் நெடுவரிசை மட்டும் மேலிருந்து கீழ்வரை கருப்புப் பட்டை. அதை அடுத்த வாரம் மாற்றி எழுதுவதாக இருந்தோம். இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம். மூவருக்கும் மிக்க நன்றி.