மனை வாங்கிய பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள்: நகரமைப்புப் பிரிவு அனுபவங்கள்

தகடூர்ப் பெண்:

நகரமைப்பு ஆய்வாளர் வேலைக்குத் தேர்வாகி ஆர்டருக்குக் காத்திருக்கும் தம்பி ஒருவர், "முதல் வருஷம் எப்படி இருக்கும் அக்கா?" என்று கேட்டிருந்தார். தருமபுரி மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் அந்த வேலையில்தான் இருக்கிறேன். அவருக்காக எழுத ஆரம்பித்தது கொஞ்சம் நீண்டுவிட்டது.

கல்லூரியில் முழுமைத் திட்டம் போட்டோம். ஊர் எந்தப் பக்கம் வளரும், எங்கே தொழிற்சாலை, எங்கே குடியிருப்பு என்று கலர் கலராகத் தீட்டினோம். சீட்டில் உட்கார்ந்த பிறகு எதிரே வந்து நிற்பவர்கள், மனைக்குப் பணம் கட்டி, பத்திரம் முடித்து, கடைக்கால் தோண்ட ஆளும் பேசிவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வீடு கட்ட அனுமதி கிடைக்குமா, கிடைக்காதா?

பென்னாகரம் ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரரும் மகனும் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மூணு சென்ட் மனை. மஞ்சப்பைக்குள் பாலித்தீன் கவர், அதற்குள் பத்திரம். வங்கியில் கடன் கேட்டபோது, பிளான் அப்ரூவல் இல்லாமல் நடக்காது என்று அனுப்பிவிட்டார்கள். மனைப்பிரிவுக்கே அங்கீகாரம் கிடையாது என்பது சர்வே நம்பரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இப்படி யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது பத்திரம் பதிவான தேதியைத்தான். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வந்த விதிகளின்படி, 2016 அக்டோபர் 20-ஆம் தேதியோ அதற்கு முன்போ பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். அந்த அம்மாவின் பத்திரம் அதற்கு இரண்டு வருஷம் முந்தியது. விண்ணப்பிக்கும் கெடுவைப் பல முறை நீட்டித்தார்கள். அவர் வந்த சமயம் வழி திறந்திருந்தது. முதலில் மனைப்பிரிவு முழுவதுக்கும் வரன்முறை ஒப்புதல், அப்புறம் அவருடைய மனைக்கு. விற்றவர் முன்வராவிட்டாலும் வாங்கியவர்கள் விண்ணப்பிக்கலாம். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது: "அப்போ எம் மனை செத்துப் போவலயா பாப்பா?"

இல்லம்மா, உயிரோடதான் இருக்கு என்றேன். அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொருவருக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. டூவீலர் மெக்கானிக். அவர் வாங்கியது அந்தத் தேதிக்கு ரொம்பப் பிறகு. மனை என்று எழுதினால் பதிவாகாது என்பதால் புஞ்சை நிலமாகவே எழுதி, நடுவில் பொதுப் பாதை விட்டு, சென்ட் கணக்கில் பிரித்து விற்றிருக்கிறார்கள். கல் நட்டு, கொடி கட்டி, நுழைவாயிலில் ஆர்ச் வைத்து விற்ற இடம். பத்திரத்தில் மட்டும் விவசாய நிலம். "பத்திர ஆபீஸ்ல பதிஞ்சு குடுத்தாங்களே மேடம், அதுவும் கவர்மெண்டுதானே?" என்று கேட்டார். பத்திரம் என்பது நிலம் கை மாறியதற்குச் சான்று, அதில் வீடு கட்டலாம் என்பதற்கு அனுமதி ஆகாது என்று விளக்கினேன். சட்டப்படி சரியான பதில். ஆனால் நகையை விற்று மனை வாங்கியவருக்கு அரசாங்கம் என்றால் ஒன்றுதான். ஒரு அலுவலகம் முத்திரை குத்தியதை இன்னொரு அலுவலகம் செல்லாது என்றால் அவர் யாரிடம் போவார்? அவர் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். இந்த வேலைக்கு வருகிற யாரும் அந்தக் கோபத்தைத் தன் மேல் வந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் பிரிவில் ஓய்வுபெறும் வயதில் ஒரு வரைவாளர் இருந்தார். மக்களிடம் எப்படிப் பேசுவது என்று அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். யாராவது வந்தால் புலப்படத்தை, அதுதான் ஒரு சர்வே நம்பரின் எல்லைகளைக் காட்டும் எஃப்எம்பி வரைபடம், மேசையில் விரித்து அவர்கள் பக்கமாகத் திருப்பிவிடுவார். "உங்க நிலத்துல நின்னா கோயில் எந்தப் பக்கம்? கிணறு எங்க?" என்று கேட்பார். தாளைச் சுற்றிச் சுற்றி, கோயில் இருக்கும் திசைக்குக் கோயில் வந்ததும் நிறுத்துவார். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்கிற பேச்சே கிடையாது. அதற்குப் பிறகு அவர்களே விரலை வைத்து, இது எங்க வரப்பு, இது பெரியப்பா பாகம், இந்தக் கோடு என்ன சார் என்று கேட்பார்கள். அந்தக் கோடு ஓடையாகவோ வண்டிப்பாதையாகவோ இருக்கும். அனுமதி ஏன் கிடைக்காது என்பதை நாம் சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வரைபடம் புரியாது என்பது பொய். தங்கள் நிலத்தை அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். தாளை அவர்கள் பக்கம் யாரும் திருப்பிக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

டிடிபி (விரிவு வளர்ச்சித் திட்டம்) ரோடு விவகாரத்தையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், அப்பா காலத்து இடத்தில் மகளுக்கு வீடு கட்ட வந்தார். பல வருஷத்துக்கு முன் போட்ட விரிவு வளர்ச்சித் திட்டத்தில் அந்த இடத்தின் குறுக்கே ஒரு திட்டச் சாலை போகிறது. தாளில்தான் சாலை. தரையில் வேப்பமரமும் மாட்டுக் கொட்டகையும். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, இப்படி ஒதுக்கிய நிலத்தை அறிவிப்பு வெளியான 3 ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தவோ பேசி வாங்கவோ செய்யாவிட்டால் அது விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்கிறது. இதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஆனால் படத்தில் கோடு இருக்கிற வரை கீழ்மட்டத்தில் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். திட்டத்தில் மாறுதல் செய்ய 33-ஆம் பிரிவின் கீழ் கோப்பு மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் உயர் நீதிமன்றம். அந்தச் சாலை வந்திருந்தால் ஊருக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நெரிசலில் மாட்டாமல் ஆம்புலன்ஸ் போக ஒரு வழி கிடைத்திருக்கும். கோட்டைப் போட்டுவிட்டுப் பணம் ஒதுக்காமல் விட்டால், ஊருக்கும் சாலை இல்லை, அவருக்கும் வீடு இல்லை. புதிதாகத் திட்டம் போடும் இடத்துக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு கோட்டுக்குக் கீழேயும் யார் இருக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரையுங்கள்.

அப்புறம் பூங்கா இடங்கள். மனைப்பிரிவு போட்டவர் சாலையையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்த பிறகுதான் இறுதி ஒப்புதல். பத்திரம் பதிவாகியிருக்கும், பட்டா மட்டும் பழைய சொந்தக்காரர் பேரிலேயே கிடக்கும். இருபது வருஷம் கழித்து அவர் பேரப்பிள்ளைகள் வந்து, எங்க தாத்தா நிலம் என்று வேலி போடுவார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பழைய ஃபெரோ பிரிண்ட் (நீலத்தாள் நகல்) மனைப்பிரிவு வரைபடத்தைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தார். மடிப்புகளில் கிழிந்து, நீலம் வெளுத்திருந்தது. ஆனால் 'பூங்கா' என்ற எழுத்தும் நான்கு பக்க அளவும் தெளிவாக இருந்தன. அதை வைத்துக்கொண்டு டேப் பிடித்தோம். கிழக்குப் பக்கத்து வீட்டின் சுற்றுச்சுவர் உள்ளே வந்திருந்தது. அந்தப் படம் மட்டும் இல்லையென்றால் எங்கிருந்து அளப்பது என்றே தெரிந்திருக்காது. ஆவண அறையில் தானப் பத்திரத்தைத் தேடி எடுத்து, பட்டா மாற்றத்துக்கு வட்டாட்சியருக்கு எழுதினோம். சுவரைப் பற்றிய நோட்டீஸ் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. என் வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ராயக்கோட்டை ரோடு:

அக்கா, வரைபடத்தைத் திருப்பிக் காட்டுவது பற்றி எழுதியது முழுக்க உண்மை. நான் கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர்ப் பக்கம். 2019-இல் மாநகராட்சி ஆன ஊர். சுற்றுக் கிராமங்களில் நேற்று ராகி விளைந்த நிலத்தில் இன்று மனைக் கல் நிற்கிறது.

எனக்கு மறக்காதது ஒரு கள ஆய்வு. மனைப்பிரிவு கேட்டு வந்த நிலம், செம்மண் கொட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். பார்த்தால் பள்ளம் மேடே தெரியாது. புலப்படத்தில் ஓரமாக ஓடை இருக்கிறது. உடன் வந்தவர், "அது எப்பவோ தூர்ந்து போச்சு சார், தண்ணியே வராது" என்கிறார். பக்கத்து நிலத்தில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்தார். தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சு. எனக்குச் சேலம் தமிழ்தான் தெரியும். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கையிலிருந்த கூடையை வைத்துவிட்டு, மேலே ஏரிக்கோடியிலிருந்து தண்ணீர் எப்படி இறங்கும், எந்த இடத்தில் திரும்பும், எதுவரைக்கும் நிற்கும் என்று நடந்தே காட்டினார். முட்டியைத் தொட்டு, இவ்வளவு உயரம் என்றார். அவர் நடந்த பாதையும் படத்திலிருந்த இரட்டைக் கோடும் ஒன்றேதான்.

கிராமத்து நிலங்களைப் பட்டியலிடும் ஏ-பதிவேட்டிலும் அது ஓடைப் புறம்போக்குதான். ஓடையை அப்படியே விட்டுத் திருத்திய வரைபடமும் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றும் கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பினோம். சில மனைகள் குறைந்துபோனதில் அவர்களுக்கு வருத்தம். ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் தண்ணீர் இழுத்துப் போனதை எல்லாரும் வீடியோவில் பார்த்தோம். நம் பக்கம் வறண்ட பூமி, தண்ணீருக்குத்தான் கஷ்டம், வெள்ளம் எங்கே வரப் போகிறது என்ற நினைப்பு மக்களிடம் மட்டும் இல்லை, அலுவலகங்களிலும் உண்டு. பத்து வருஷம் காய்ந்து கிடந்த ஓடைதான் ஒரு ராத்திரியில் வருகிறது. கள ஆய்வுக்குப் போகிற தம்பி, பக்கத்துக் காட்டில் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடமாவது பேசாமல் திரும்பாதே.

பாரூர்க்காரன்:

நான் அரசு ஊழியர் இல்லை. பிளான் போட்டுக் கொடுக்கும் பதிவுபெற்ற பொறியாளர். சின்ன வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்த பிறகு எங்கள் பக்கம் நிலைமை மாறிவிட்டது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால் ஆன்லைனில் பணம் கட்டி உடனே அனுமதி. மக்களுக்கு அலைச்சல் மிச்சம். நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. முன்பு யாராவது ஒருவர் இடத்துக்கு வந்து பார்ப்பார். இப்போது முன்கூட்டி யாரும் வருவதில்லை. மனைக்காரர் கொடுக்கும் தகவல்தான் எல்லாம். பக்க இடைவெளி விடச் சொன்னால், "பக்கத்து வீட்டுக்காரன் விட்டானா?" என்று கேட்கிறார்கள். நான் மறுத்தால் வேறு ஆளிடம் போகிறார்கள். தகடூர் மேடம், உங்களிடம் ஒரு கேள்வி. மனை வாங்கும் முன்பே உங்களைப் போன்றவர்களிடம் வந்து கேட்க ஜனங்களுக்கு வழி உண்டா? விண்ணப்பம் இல்லாமல் வந்தால் பேசுவீர்களா?

தகடூர்ப் பெண்:

தாராளமாகப் பேசுவேன், அண்ணா. விண்ணப்பம் போட்டால்தான் பேச வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காலையில் களத்துக்குப் போய்விடுவேன். மதியத்துக்கு மேல் வரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வந்தால் ரொம்ப நல்லது.

வரும்போது விளம்பர நோட்டீஸை மட்டும் கொண்டுவர வேண்டாம். அதில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) என்று பெரிதாகப் போட்டிருக்கும். அனுமதி எண் இருக்காது. விண்ணப்பித்த ரசீதைக் காட்டியே விற்பவர்கள் இருக்கிறார்கள். சர்வே நம்பர் உட்பிரிவோடு வேண்டும், கிராமத்தின் பெயர் வேண்டும், அனுமதி எண் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவென்றால் ரேரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த்துறை இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அவர்கள் வாங்கப் போகும் மனை எண் எங்கே இருக்கிறது, அது பூங்கா இடத்திலோ ஓடையிலோ விழுகிறதா என்று பார்த்துச் சொல்ல அதிக நேரம் ஆகாது.

அந்த மெக்கானிக் தம்பி போன மாதம் மறுபடி வந்தார். அவர் மனைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. மச்சான் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு இடம் பேசியிருக்கிறாராம், அட்வான்ஸ் தரவில்லை, சர்வே நம்பரை எழுதி எடுத்து வந்திருந்தார். புலப்படத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மச்சானுக்கு போன் போட்டு, வண்டிப்பாதை குறுக்கே போகுது, இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.