மொழி தெரிந்த பிள்ளைக்கு எந்த மருத்துவக் கல்லூரி?

கேள்வி: அக்கா, நாங்கள் அமெரிக்கா வந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். மதுரையில் காது கேளாத அத்தை மகனோடு வளர்ந்ததால் சைகை மொழி நன்றாக வரும். இங்கே ஸ்பானிஷும் படிக்கிறாள். டாக்டராக வேண்டும் என்கிறாள். இந்த மொழிகள் பயன்படுகிற மாதிரி எந்தக் கல்லூரி பார்க்கலாம்?

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு யார் யார் வைத்தியத்துக்கு வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பாப்பாவின் மொழி வேலைக்கு வரப்போவது அங்கேதான்.

சைகை மொழி என்றால் நியூயார்க் மாநிலத்தில் நான் இருக்கும் ராச்செஸ்டரைத்தான் சொல்வேன். காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரி 1968 முதல் இங்கே நடக்கிறது. படிக்க வந்த பலர் இங்கேயே வேலை, குடும்பம் என்று தங்கிவிட்டார்கள். மளிகைக் கடை வரிசையில் நிற்கும்போதே நமக்கு முன்னால் இரண்டு பேர் கையால் பேசிக்கொண்டிருப்பார்கள். ராச்செஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. அன்றைக்கு மாணவர்கள்தான் நோயாளிகள். காது கேளாதவர்கள் டாக்டராகவும் வரவேற்பறை ஊழியராகவும் இருப்பார்கள். வாய் திறந்து பேசக்கூடாது. வயிற்று வலியைச் சொல்லத் தெரியாமல் தவிப்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு அன்றே புரிந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது.

ஒன்று கவனியுங்கள். பாப்பா கற்றது இந்திய சைகை மொழி. அதில் ஆங்கில எழுத்துக்களை இரண்டு கையால் காட்டுவார்கள், இங்கே ஒரே கை. இலக்கணமும் வேறு. அமெரிக்க சைகை மொழியில், ஆமாம், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்வியைப் புருவத்தை உயர்த்திக் கேட்பார்கள். ‘எங்கே’, ‘ஏன்’ என்றால் புருவம் சுருங்கும். அதைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகிய பிள்ளை, சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்.

ஸ்பானிஷுக்கு, மெக்சிகோவை ஒட்டிய டெக்சாஸ் எல்லையில் எல் பாசோவில் இருக்கும் பால் எல். ஃபாஸ்டர் மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். அங்கே மருத்துவ ஸ்பானிஷ் எல்லோருக்கும் கட்டாயம். ஆனால் டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் வெளி மாநிலத்தவருக்குப் பத்து சதவீத இடம்தான். கலிஃபோர்னியாவில் அர்வைன் கல்லூரி, ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க சமூகத்துக்கென்றே தனிப்பிரிவு வைத்து 2004 முதல் நடத்துகிறது.

அரைகுறையாகத் தெரிந்த மொழி ஆபத்து. 1980இல் ஃபுளோரிடாவில் பதினெட்டு வயதுப் பையனை மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்ற அர்த்தத்தில் வீட்டார் ஸ்பானிஷில் ‘இன்டாக்ஸிகாடோ’ என்றார்கள். டாக்டர்கள் அதை ஆங்கில ‘இன்டாக்ஸிகேட்டட்’ போல எடுத்து, போதைமருந்து என்று புரிந்துகொண்டார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. பையனுக்குக் கை கால் செயலிழந்துபோனது.

என் வீட்டிலும் நடந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரை அழைக்காமல், பத்து வயது மகனைப் பாட்டி சொல்வதைச் சொல்லச் சொன்னார்கள். மாமியார் "மயக்கமா வருது" என்றார். தலைசுற்றலைத்தான் சொன்னார். பிள்ளை அதை "நினைவு தப்பி விழுந்தார்" என்று மாற்றிவிட்டான். தேவையில்லாமல் ஒரு ராத்திரி முழுக்கப் பரிசோதனை. அவன் அழுத முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தருவது ஆஸ்பத்திரியின் கடமை, அவசர நேரம் தவிரப் பிள்ளைகளை நம்பி விடக்கூடாது என்பது சட்டம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. நீங்களாவது கேட்டு வாங்குங்கள்.

அதனால் கல்லூரியில் இதைக் கேளுங்கள்: மொழி தெரிந்த மாணவருக்குத் தேர்வு வைத்துத்தான் நோயாளியிடம் பேச விடுகிறீர்களா? ஆமாம் என்றால் நல்ல இடம்.

அப்புறம் விசா. இங்கே நான்கு வருடப் பட்டம் முடித்து, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதித்தான் மருத்துவம். அதற்குள் பாப்பாவுக்கு 21 தாண்டிவிடும், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து பிள்ளைகளுக்குத் தரும் எச்4 விசாவில் வந்திருந்தால் அது முடிந்துவிடும். கிரீன் கார்டு இல்லாதவர்களைப் பல மருத்துவக் கல்லூரிகள் எடுப்பதில்லை. வக்கீலிடம் இப்போதே பேசுங்கள்.

கேள்வி: சரி அக்கா, இந்தக் கோடையில் என்ன செய்யட்டும்?

பதில்: பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் அமெரிக்க சைகை மொழி வகுப்பில் சேருங்கள். காது கேளாதவர் நடத்தும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள்.