1969 மாலிபு 15 நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, அரை மணி விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது. உதவி தேவை

மாலிபு69 (ஸ்காபரோ)

வணக்கம். இரண்டு கிழமையாக ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டுகிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கார் 1969 செவர்லே செவல் மாலிபு, இரண்டு கதவு, 350 எஞ்சின், ரொச்செஸ்ரர் குவாட்ராஜெட் காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுவது), டேர்போ 350 ஓட்டோமற்றிக் கியர். பீற்றர்பரோ பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலில் 1994இலிருந்து அசையாமல் கிடந்தது. வின் இலக்கத்தில் (காரின் அடையாள இலக்கம்) ஆண்டைக் குறிக்கும் 9க்கு அடுத்து 1 என்று இருக்கிறது, அதாவது ஒஷாவாவில் கட்டிய கார், என் வீட்டிலிருந்து அரை மணி ஓட்டம்தான். அதைப் பார்த்த பிறகு விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. டிக்கித் தளம் முழுக்கக் கறள். பின் கண்ணாடி ஓரத்தால் தண்ணீர் இறங்கி இறங்கித் தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, அதை வெட்டிப் புதுத் தகடு ஒட்டவே ஒரு குளிர்காலம் போய்விட்டது.

எஞ்சினை அவசரப்பட்டுத் திருப்பவில்லை. எட்டு பிளக்கையும் கழற்றி, ஓட்டோமற்றிக் கியர் ஒயிலும் அசிற்றோனும் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஊற்றி, ஐந்து நாள் ஊறவிட்டு, நீளமான கம்பி போட்டுக் கையால் திருப்பினேன். பிறகு டிஸ்ரிபியூற்றர் ஓட்டையால் துளையிடும் மெசினை விட்டு ஒயில் பம்பைச் சுழற்றி ஒயில் ஏறுகிறதா பார்த்துத்தான் முதல் ஸ்டார்ட். நன்றாகவே பிடித்தது.

பழைய பெற்றோல் தாங்கிக்குள் தார் மாதிரி ஒரு குழம்பு, கறள் வேறு. கழுவிப் பார்த்தேன், சரிவரவில்லை, அதனால் தாங்கி, அதற்குள் பெற்றோல் மட்டத்தைக் காட்டும் அளவுக் கம்பி, ரப்பர் குழாய், மூடி எல்லாம் புதிது. பம்ப் புதிது. காபரேற்றரைப் பிரித்துப் பொருத்தியாகிவிட்டது. தீப்பொறிப் பக்கத்தில் கொயில், பொயின்ற், கண்டென்சர், பிளக் எல்லாமே புதிது.

முதல் மூன்று கிழமை 10 லீற்றர் மட்டும் ஊற்றி கராஜ் வாசலிலும் ஒழுங்கைக்குள்ளும் ஓட்டினேன், ஒரு மணி நேரம்கூட நிற்காமல் ஓடியது. தாங்கியை நிரப்பிக் கிங்ஸ்ரன் வீதியில் இறக்கிய நாளிலிருந்துதான் இந்தத் தொல்லை. 15 நிமிடத்தில் இரண்டு தரம் இடறும், பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். அரை மணி நேரம் விட்டால் ஒன்றும் நடக்காத மாதிரித் திறப்பைத் திருப்பியவுடன் பிடிக்கும். வெயிலில் பெற்றோல் கொதித்து ஆவியாகிக் குழாயை அடைத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். மின்சாரப் பம்ப் வாங்கிப் பூட்டலாமா?

டெட்ராய்ட்காரன்

நண்பா, கொஞ்சம் பொறுங்க. நானும் 72 ஸ்கைலார்க் ஒன்றை இதே மாதிரி வாங்கி எழுப்பியவன். இனி எந்தப் பொருளும் வாங்காதீங்க. கார் நின்ற அந்த நிமிடமே ஒரு வேலை செய்யணும். எஞ்சினை அணைத்து வைத்தபடியே ஏர் கிளீனர் மூடியைத் தூக்கிட்டு காபரேட்டர் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, கையால திராட்டிலை முழுசாத் தள்ளுங்க. இரண்டு கோடாக பெட்ரோல் பீய்ச்சினால் பெட்ரோல் வந்துக்கிட்டு இருக்கு, அப்போ தேட வேண்டியது ஸ்பார்க்கை. சூடானதும் சாகிற கொயில் நிறைய உண்டு, புதுசு என்பதால நம்பாதீங்க. ஒன்றுமே வரலைன்னா பெட்ரோல்தான் வரலை. ஆறின பிறகு பார்த்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மின்சாரப் பம்ப் விஷயம்: உங்க பழைய பம்ப் எஞ்சினோடு சேர்ந்து நின்றுவிடும். மின்சாரப் பம்ப் அப்படியில்லை, விபத்தில் குழாய் அறுந்தாலும் சாவி போட்டிருக்கும் வரை அடிச்சுக்கிட்டே இருக்கும். ஆயில் அழுத்தம் விழுந்தால் கரண்டை வெட்டுகிற சுவிட்ச் இல்லாமல் அதை மாட்டவே கூடாது. அதைவிட முக்கியம், எந்தப் பிழை என்று தெரியாமல் மாட்டினால் பிழை அப்படியே உள்ளே இருக்கும்.

மாலிபு69

நன்றி அண்ணா. நேற்று வோர்டன் வீதிச் சந்தி தாண்டி நின்றது. ஓரமாக ஒதுக்கிவிட்டு உடனே பார்த்தேன். மூன்று தரம் தள்ளினேன், ஒரு துளி வரவில்லை, உள்ளே காய்ந்து கிடந்தது. வீட்டுக்கு வந்து காபரேற்றர் வாயில் இருக்கிற சின்ன வடிகட்டியையும் கழற்றினேன், சுத்தமாகத்தான் இருக்கிறது. அப்போ வெப்பம்தானே?

வயறிங்_தம்பி

வெப்பமாகத்தான் இருக்கும் அண்ணா. குவாட்ராஜெட்டுக்குக் கீழே வெப்பம் ஏறாமல் தடிப்பான கஸ்கெற் (இடைத் தகடு) போட்டுப் பாருங்கள். பெற்றோல் குழாய் எஞ்சினில் தொட்டுக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள். சில பேர் வெப்பம் குறையும் என்று குழாயில் உடுப்புக் கொழுவும் கிளிப்பை வரிசையாகக் குத்திவிடுவார்கள்.

மாலிபு69

நீங்கள் சொன்னதை வைத்து வெப்பமா இல்லையா என்று தெரிந்துகொள்ள இரவு 11 மணிக்கு எடுத்துக்கொண்டு போனேன். வெளியே 14 பாகைதான். அன்று பின்னேரம்தான் தாங்கியைத் திரும்ப வாய் முட்ட நிரப்பியிருந்தேன். 11 நிமிடத்தில் நின்றது! பகல் வெயிலில் 15, குளிர்ந்த இரவில் 11. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பழைய மெக்கானிக் (மொன்றியல்)

தம்பி, நீர் எழுதினதை முதலிலிருந்து ஒருக்கா வாசித்தேன். பதில் உம்முடைய எழுத்துக்குள்ளேயே இருக்கு என்று நினைக்கிறேன். 10 லீற்றரோடு ஒரு மணி நேரம் ஓடினது, நிரப்பினால் 15 நிமிடம், வாய் முட்ட நிரப்பினால் 11. பெற்றோல் கூடக் கூடக் கெதியாக நிற்குது. வெப்பம் அப்படிச் செய்யாது.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அப்ப பெற்றோல் தங்கம். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை வைத்து, சேலைன் குழாயால் காபரேற்றருக்குச் சொட்டு விட்டு ஸ்டார்ட் எடுத்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தப் பழக்கத்தால் இன்றுவரை எந்தக் கார் பெற்றோல் இல்லாமல் நின்றாலும் நான் முதலில் செய்வது தாங்கியை வெட்டிவிட்டுப் போத்தலில் ஓட்டிப் பார்ப்பதுதான். நீரும் அதையே செய்யும். பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, தாங்கிப் பக்கத்து முனையை அடைத்துவிட்டு, பம்பிலிருந்து எத்தனோல் தாங்கும் புதுக் குழாய் ஒன்றைப் பெற்றோல் கானுக்குள் விடும். கானின் காற்று மூடியைத் திறந்து வைக்க வேணும். கானை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்காதேயும், காரை வெளியில் விட்டுச் செய்யும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அப்படி ஓடினால் பம்பிலும் காபரேற்றரிலும் பிழை இல்லை, பிழை பின்னால்.

இரண்டாவது வேலை இன்னும் லேசு. தாங்கியோடு ஓட்டி, நின்றவுடனே இறங்கி ஓடிப்போய் பின் இலக்கத் தகட்டை இறக்கி, அதற்குப் பின்னாலிருக்கும் தாங்கி மூடியைத் திறவும். காதைக் கிட்ட வையும்.

அப்புறம் ஒரு கேள்வி. அந்தப் புது மூடி எந்த ஆண்டுக் காருக்கு உரியது?

மாலிபு69

அண்ணை, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கானில் 40 நிமிடம் ஓடியது, நானாக அணைத்தேன். பிறகு தாங்கிக் குழாயைப் பூட்டிக்கொண்டு வீதிக்குப் போனேன், 13 நிமிடத்தில் நின்றது. இறங்கி ஓடினேன். தகட்டை இறக்கி மூடியைக் கால்வாசி திருப்பியவுடன் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது, நாலைந்து விநாடி நிற்கவே இல்லை, என் விரல் நுனியில் அந்த இழுவை தெரிந்தது. முடிவில் காரின் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம், தாங்கித் தகடு பழைய நிலைக்குத் திரும்பிய சத்தம். ஏறித் திறப்பைத் திருப்பினேன். கொஞ்சம் சுற்றியது, பிடித்தது. அரை மணி தேவைப்படவில்லை, அரை நிமிடம்தான்.

கராஜில் பழைய சாமான் வாளியைக் கிண்டிப் பழைய மூடியை எடுத்தேன். ரப்பர் வளையத்துக்கு உள்ளே ஊசி முனை அளவில் ஒரு காற்றுத் துளை இருக்கிறது, கறளுக்குள் மறைந்திருந்தது. புது மூடியில் எங்கே தேடியும் துளை இல்லை. பெட்டியைப் பார்த்தால் 1971–72 என்று போட்டிருக்கிறது. கடையில் "எல்லாம் ஒன்றுதான், பொருந்தும்" என்று சொல்லித் தந்தார்கள். பொருந்தத்தான் செய்தது.

பழைய மெக்கானிக்

அதுதான் தம்பி. பம்ப் மூன்று லீற்றரை உறிஞ்சினால் அந்த இடத்துக்கு மூன்று லீற்றர் காற்று வர வேணும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம். தாங்கி 76 லீற்றர் பிடிக்கும், 10 லீற்றர் மட்டும் ஊற்றினபோது மேலே அறுபத்துச் சொச்சம் லீற்றர் காற்று, அது விரிந்து சமாளித்தது. நிரப்பினால் காற்றுக்கு ஏழெட்டு லீற்றர் இடம்தான், அது எவ்வளவுக்கு விரியும்? குளிர்ந்த இரவில் பெற்றோல் ஆவியும் குறைவு, அந்த வெற்றிடத்தைக் கொஞ்சம் நிரப்பவும் ஆளில்லை. நீர் அரை மணி காத்திருந்தபோது ஏதோ ஒரு இடுக்கால் காற்று மெல்ல மெல்ல உள்ளே போயிருக்கும், அவ்வளவுதான். அது எஞ்சின் ஆறினதால் இல்லை.

1970இல் கலிபோர்னியாவிலும், 1971இலிருந்து அமெரிக்கா முழுக்கவும் பெற்றோல் ஆவியை வெளியே விடக்கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குப் பிறகு வந்த கார்களில் மூடி இறுக்கம், தாங்கி மூச்சு விடுவதற்குத் தனிக் குழாய் போய் முன்னால் ஆவியை உறிஞ்சும் கரித்தூள் டப்பாவில் முடியும். உம்முடைய தாங்கியில் அந்தக் குழாய் இருக்கா?

மாலிபு69

இல்லை அண்ணை, அளவுக் கம்பியால் வரும் ஒரு பெற்றோல் குழாய் மட்டும்தான். மூடியில் ஒரு துளை போட்டுவிடவா?

பழைய மெக்கானிக்

போடாதேயும். பெற்றோல் ஊற்றும் வாய் பின் பம்பருக்குக் கிட்டப் பதிவாக இருக்கு, ஏற்றத்தில் ஏறும்போது பெற்றோல் துளையால் வெளியே சிந்தும். காற்றுத் துளையுள்ள மூடி என்று கேட்டு வாங்கும், அதில் உள்ளே தடுப்பு இருக்கும். வரும்வரை மூடியைத் தளர்த்திவிட்டும் ஓட்டாதேயும், கார் நிற்கட்டும். அந்த இடைவெளியில் காரை உயர்த்திக் கட்டைகளில் நிறுத்தி, பெற்றோல் தாங்கியின் அடித்தகடு உள்ளே ஒடுங்கியிருக்கா, பின்னாலுள்ள ரப்பர் குழாய் எப்படி இருக்கு என்று பாரும். ஒயில் கம்பியை இழுத்து மணந்தும் பாரும். பம்பின் சவ்வு கிழிந்தால் பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கும், அந்த ஒயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும்.

டெட்ராய்ட்காரன்

அண்ணே, பிரமாதம். டேங்க் அளவை வைத்தே கண்டுபிடிச்சுட்டீங்க, நான் கொயிலிலேயே நின்னுட்டேன். இதைக் குறிச்சு வைச்சுக்கிறேன்.

மாலிபு69

தாங்கி ஒடுங்கவில்லை, ஒயிலிலும் மணமில்லை. ஆனால் ரப்பர் குழாய் வளைவில் தட்டையாகச் சப்பிக் கிடந்தது, விரலால் அமத்தினால் திரும்ப வட்டமாக வரவில்லை. அதையும் மாற்றினேன். துளையுள்ள மூடி செவ்வாய் வந்தது.

இன்று காலை மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு நிரம்பிய தாங்கியோடு ஒஷாவா ஏரிக்கரை வரை போய்த் திரும்பினேன், ஒரு இடறல்கூட இல்லை. அது கட்டப்பட்ட ஊருக்கு அதைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்று வாங்கிய நாளிலிருந்தே ஆசை. அண்ணை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது.

ஒன்று மட்டும். திரும்பி வரும்போது பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. நாலு சில்லும் டிரம்தான், முன் வலப்பக்கச் சில்லின் உள்பக்கம் ஈரமாகத் தெரிகிறது. நாளைக்குக் கழற்றிப் படம் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய மெக்கானிக்

ஈரம் என்றால் பிரேக் சிலிண்டர் ஒழுகுது தம்பி. கழற்றும் வரை ஓட்டாதேயும். வாங்கும்போது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கும், ஆண்டைப் பெட்டியில் பார்த்து வாங்கும்.