ஒரே கார்ட்டூனைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் மகன்: நிறுத்த வேண்டுமா?

கேள்வி: பாளையங்கோட்டைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். இரண்டு ஆண்டுகளாக ஒரு ரயில் கார்ட்டூனின் மூன்று பகுதிகளை மட்டுமே பார்க்கிறான். நடுவில் நின்றுவிட்டால் விட்ட இடத்திலிருந்து பார்க்க மாட்டான். தொடக்கப் பாட்டிலிருந்து மறுபடியும் ஓட வேண்டும். ஆனித் தேரோட்டத்துக்கு உறவினர்கள் வந்திருந்த நாளில், பகுதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மின்சாரம் போய்விட, ஒரு மணி நேரம் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான். "டிவியைக் காட்டியே பிள்ளையைக் கெடுத்துவிட்டாய்" என்று மாமியார் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்கள். அவன் தானாகப் பேசுவது குறைவு. ஆனால் அந்த வசனங்களை ஏற்ற இறக்கம் மாறாமல் அப்படியே சொல்கிறான். அடியோடு நிறுத்தினால் பேச்சு வருமா, இருப்பதும் போய்விடுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: அம்பாசமுத்திரத் தந்தை

சகோதரி, நிறுத்திவிடாதீர்கள். ஒருவர் சொன்னாரென்று நாங்கள் ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தோம். புதிதாக ஒரு சொல்லும் வரவில்லை, மகள் விரல் நகங்களை இரத்தம் வரக் கடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அவள் "பாலம் உடைஞ்சிருக்கு, போகாதே" என்ற கார்ட்டூன் வசனத்தை அடிக்கடி சொல்வாள். பொருளற்ற உளறல் என்றே நினைத்திருந்தோம். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது ஸ்டுடியோ வாசலில் சொன்னாள். பிறகு கல்லிடைக்குறிச்சியில் ஒரு திருமண மண்டபத்தின் வாசலில், செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு அதையே சொன்னாள். பழக்கமில்லாத வாசல்களில் மட்டும் அந்த வசனம் வருகிறது என்பது அன்றுதான் என் மனைவிக்குப் புலப்பட்டது. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதை அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது நான் முதலில் உள்ளே போய், "பாலம் சரியாக இருக்கிறது, வா" என்பேன், பெரும்பாலும் வந்துவிடுகிறாள்.

பதில்: சிறப்புக் கல்வி ஆசிரியை, திருநெல்வேலி

கேட்ட வசனத்தை இப்படி அப்படியே திருப்பிச் சொல்வதை எக்கோலாலியா என்பார்கள். ஆட்டிசத்தைப் பற்றி 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலேயே, கேட்டதைத் திருப்பிச் சொல்வதும், எதுவும் மாறாமல் இருக்க வேண்டும் என்ற தவிப்பும் விவரிக்கப்பட்டுள்ளன. அந்தத் திருப்பிச் சொல்லலுக்குள் கேட்பது, மறுப்பது, தன்னை அமைதிப்படுத்திக்கொள்வது போன்ற நோக்கங்கள் இருப்பதை 1980களில் பாரி பிரிசாண்ட் முதலிய பேச்சு, மொழி ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே ஒரு நோட்டில், அவன் எந்த வசனத்தை எங்கே, யார் இருக்கும்போது சொல்கிறான் என்று இரண்டு வாரம் எழுதி வாருங்கள்.

அவன் முகத்தையும் கவனியுங்கள். சிரித்துக்கொண்டு பார்ப்பது ஒன்று. காதைப் பொத்திக்கொண்டு விடாமல் பார்ப்பது வேறு. பின்னது வீட்டில் ஏதோ ஓசையோ கூட்டமோ அவனை வருத்துவதன் அடையாளமாக இருக்கலாம். நேரத்தைக் குறைக்க விரும்பினால் பகுதியின் நடுவில் அணைக்காதீர்கள். அது முடிந்ததும் அடுத்து என்ன என்பதைப் படமாகக் காட்டி, பிறகு அணையுங்கள். மூன்று பகுதிகளையும் கைப்பேசியில் பதிவிறக்கி வைத்தால் மின்தடைக்கும் உதவும். தலையை மோதிக்கொள்வதை மட்டும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். இன்னொன்று: மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு; பயிற்சிச் செலவும் அதில் அடங்கும்.

பதில்: தென்காசித் தாய்

என் மகனுக்கு 19 வயது. அம்மா, எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரவுத் தூக்கத்தைக் கெடுத்தபோது நாங்கள் உறுதியாக நேரம் வைத்தோம். ஆனால் அவனுக்குப் பிடித்ததைத் திரையோடு நிறுத்திவிடாதீர்கள். இவனும் ரயில் பைத்தியம்தான். செங்கோட்டை பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார வைத்து, பெயர்ப்பலகை வரும்போதெல்லாம் படித்துக் காட்டினேன். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று அவன் வாயில் வந்த ஊர்ப்பெயர்கள்தாம் கார்ட்டூனுக்கு வெளியே அவன் கற்ற முதல் சொற்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நோட்டு போட்டு ஐந்து நாள் ஆகிறது. "எல்லாரும் ஏறியாச்சா?" என்ற வசனம் நான்கு முறை வந்திருக்கிறது, நான்கும் இரவு எட்டு மணிக்கு மேல், அவன் அப்பா தூத்துக்குடியிலிருந்து திரும்பத் தாமதமான நாள்களில். நேற்று நான், "அப்பா இன்னும் ஏறவில்லை, வந்துகொண்டிருக்கிறார்" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.