அப்பாவின் மூக்கோரக் கட்டி: மணலா, மரபணுவா?

கடியப்பட்டணம்காரன்:
அப்பாவுக்கு மூக்கோரம் ஒரு பரு. முத்து மாதிரி மினுங்கும், நடுவில் சின்னக் குழி, துவர்த்து பட்டாலே ரத்தம் கசியும். நாற்பது வருஷம் வள்ளத்தில் வெயில் கொண்ட மனுஷன். பேசல் செல் கார்சினோமா, ஒருவகைத் தோல் புற்றுநோய், என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கருவில் உறுப்புகளை உருவாக்கும் மரபணுக்கள் தப்பான நேரத்தில் விழித்துக்கொண்டன என்கிறார் டாக்டர். கதிர்வீசும் மணவாளக்குறிச்சி மணலை விட்டுவிட்டு, பழியை எங்கள் ரத்தத்தில் போடுகிறாரோ?

தக்கலை டீச்சர்:
இல்லை தம்பி. அவர் சொல்வது ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் பாதை, அதாவது செல்லுக்கு உத்தரவு போகும் வழி. நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாஸ் என்ற விஞ்ஞானிகள் அந்த மரபணுவைப் பழ ஈயில் கண்டு 1980இல் எழுதினார்கள். 1995இல் நோபல் கிடைத்தது. கருவில் முகமும் மூளையும் விரலும் உருவாக இது வேண்டும். மற்ற நேரத்தில் ‘பேட்ச்ட்’ என்ற புரதம் பூட்டி வைக்கும். பூட்டு உடைந்தால் செல்லுக்குப் ‘பெருகு, பெருகு’ என்று உத்தரவு போய்க்கொண்டே இருக்கும்.

மண்டைக்காட்டு அண்ணாச்சி:
பூட்டை உடைத்தது யார்? அதைச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் புற்றுநோய். காலடியில் மோனசைட், கதிர்வீசும் தாது, கிடக்கிறது.

தக்கலை டீச்சர்:
இந்த வகைக் கட்டியில் பெரும்பாலும் வெயில்தான், அண்ணாச்சி. புற ஊதாக் கதிர் தோல் செல்லின் பேட்ச்ட் மரபணுவைக் கெடுக்கிறது. அது பிள்ளைகளுக்குப் போகாது. பிறவியிலேயே அந்த மரபணு பழுதானவர்களுக்கு, கோர்லின் நோய்க்குறி என்பார்கள், சின்ன வயதிலேயே இந்தக் கட்டிகள் வரும். மணலைக் கேட்டால், இதே மோனசைட் மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைக் கவனித்து 2009இல் வந்த ஆய்வில் மண்ணின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

மண்டைக்காட்டு அண்ணாச்சி:
வெயில் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கேரளக் கணக்கு. நம் கரைக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள்.

நாகர்கோவில் மருந்துக்கடை:
இதையும் கேளுங்கள். 1950களில் அமெரிக்காவின் ஐடஹோவில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினை பிடித்த 14ஆம் நாள் வாக்கில் தாய் ஆடு ஒரு மலைச்செடியைத் தின்றிருந்தது. அதிலுள்ள சைக்ளோபமைன் இதே பாதையை அடைத்துவிடும். கருவில் அடைபட்டால் முகம் பிரியாது. பெரியவருக்குத் திறந்தே கிடந்தால் கட்டி. அடைக்கும் அந்த வழியிலேயே வந்த விஸ்மோடெகிப் மாத்திரைக்கு 2012இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. முற்றிப்போனவர்களுக்குத்தான் அது; அப்பாவுக்கு அறுவையே போதுமாக இருக்கும்.

கடியப்பட்டணம்காரன்:
வியாழக்கிழமை அறுவை. தம்பி இன்னும் கடலுக்குப் போகிறான். இன்றைக்கு அவனை வாசலில் உட்காரவைத்து, மூக்கு, காது மடல், பின்கழுத்து எல்லாம் வெளிச்சத்தில் பார்த்துவிட்டேன்.